ரொக்கம் செல்லாத காற்பந்து அரங்கம்

லண்டனில் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் குழுவின் புதிய அரங்கம் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டபோதே, உள்ளே எந்தக் கடையிலும் ரொக்கம் வாங்குவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. வங்கி அட்டை அல்லது கைப்பேசி இருந்தால்தான் ஒரு தேநீர்கூட வாங்க முடியும்.

முக்கியக் காரணம் இடைவேளைதான். அது 15 நிமிடம் மட்டுமே. அரங்கிலோ 62,000 பேருக்கும் மேல் அமரலாம். அவர்களில் ஒரு பகுதியினர் எழுந்து வந்து வரிசையில் நின்றாலே போதும். நோட்டை வாங்கிச் சில்லறை எண்ணிக் கொடுப்பதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிடும். தவிர, ரொக்கத்தை எண்ணி, பாதுகாத்து, வங்கியில் சேர்க்கும் செலவும் குழுவுக்கு மிச்சம்.

வரிசை வேகமாக நகர்ந்தால் போதும் என்பவர்களுக்கு இதில் குறையில்லை. மனத்தாங்கல் மற்றவர்களுக்கு. வீட்டில் கொடுத்த நாணயங்களோடு வரும் சிறுவன், அட்டையே வைத்திராத முதியவர், கையில் உள்ள நோட்டைப் பார்த்துச் செலவைக் கட்டுப்படுத்துபவர். இவர்களிடம் பணம் இருக்கிறது; அதை வாங்கத்தான் ஆளில்லை.

நாட்டின் பணத்தையே ஒரு கடை மறுக்கலாமா என்றும் இரசிகர்கள் கேட்கிறார்கள். மறுக்கலாம். பிரிட்டனில் எந்த வகைக் கட்டணத்தை ஏற்பது என்பது கடைக்காரரின் விருப்பம். சட்டத்தில் இடமிருப்பது சரி, அந்தச் சிறுவனுக்கு அதை யார் விளக்குவது?

அங்கு நேரில் ஆட்டம் பார்க்க எண்ணும் மலேசிய இரசிகர்கள், புறப்படும் முன்பே தங்கள் வங்கி அட்டை வெளிநாட்டில் செயல்படுமா என்று உறுதிசெய்து கொள்வது நல்லது. மாற்றி எடுத்துச் செல்லும் பவுண்டு நோட்டெல்லாம் அரங்க வாசலோடு சரி.