பிள்ளையின் பணமும் மருத்துவச் செலவும்

பளைப் பகுதி தென்னைக்குப் பெயர்போனது. போரினால் அங்கே அழிந்த தோட்டங்கள் பல; மீண்டும் நடப்பட்டவையும் உள. பேரப்பிள்ளையின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவைக்கும் பாட்டனார் நம்மவரிடையே அரியரல்லர். அவ்வாறு காணி பெற்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நோயுற்றான் என்று கொள்வோம். தேங்காய் விற்ற பணத்தை எடுத்துத் தந்தை சத்திரசிகிச்சைக் கட்டணத்தைச் செலுத்துகின்றார். அச்செலவுக்கு வருமான வரியிற் கழிவு உண்டா? உண்டெனின் அது தந்தைக்கா, மகனுக்கா?

இவ்வினாவுக்கு நாடுகள் ஒரே விடை தருவதில்லை. அமெரிக்காவில் பணம் கொடுத்தவர் எவரோ, கழிவும் அவருக்கே. பிள்ளையின் சொந்தப் பணத்தில் தீர்க்கப்பட்ட கட்டணத்தைத் தந்தை தம் கணக்கிற் காட்ட இயலாது. மேலும், வருமானத்தின் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மருத்துவச் செலவே அங்குக் கழிக்கப்படும்.

இந்தியா வேறு வழி சென்றது. 1992ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பராயமடையாத பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோருள் கூடிய வருமானமுடையவரின் கணக்கோடு சேர்த்தது. பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது இதற்கு விலக்கு. சட்டம் குறித்த அளவு உடற்குறையுள்ள பிள்ளையின் வருமானமும் அவ்வாறே சேர்க்கப்படுவதில்லை. மருத்துவச் செலவு அதிகம் வேண்டியிருக்கும் அப்பிள்ளையின் பணத்தைத் தனியே விட்டது நியாயமான ஏற்பாடேயாகும்.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் சுகாதாரச் செலவு, கல்விச் செலவு, வீட்டுக்கடன் வட்டி முதலியவற்றுக்கு, எல்லாம் சேர்த்து ஆண்டொன்றுக்கு 12 இலட்சம் ரூபா வரை கழிவு இருந்தது. 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதனை அவ்வாண்டின் முடிவோடு நீக்கியது. ஆகவே பற்றுச்சீட்டு தந்தையின் பெயரில் இருப்பினும் மகனின் பெயரில் இருப்பினும், இன்று அதனால் வரி குறையாது. எஞ்சியிருப்பது பொதுவான தனிநபர் நிவாரணமே. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அது 18 இலட்சம் ரூபா. சிறிய தென்னந்தோட்டமொன்றின் வருமானம் அவ்வெல்லையைத் தொடுவது அரிது. எனினும், தமது வருமானத்தைப் பிள்ளையின் பெயரிற் பிரித்துக் காட்டி வரி குறைக்கலாமென எண்ணுவோர், அத்தகைய பிரிவினையைத் திருத்தியமைக்கும் அதிகாரம் ஆணையாளர் நாயகத்துக்கு உண்டென்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வரியிலும் பெரிய கேள்வி ஒன்று இங்குளது. பிள்ளையின் மருத்துவச் செலவைத் தாங்கவேண்டியவர் யார்? 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். தமக்கு வசதியிருக்க, பிள்ளையின் தேங்காய்ப் பணத்தை முதலில் எடுத்தல் முறையன்று. எடுக்க நேரின் தோட்ட வரவையும் மருத்துவமனைச் செலவையும் தனிக் கணக்கில் எழுதிவைத்தல் நன்று. பின்னாளில் அக்கணக்கைக் கேட்கக்கூடியவன் அந்த மகனே. 1989ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் பராயம் 21 அன்று, 18 ஆகும். அதற்குமுன் செலவு பெருகிக் காணியையே விற்கவேண்டி வந்தால், தந்தையின் கையொப்பம் மட்டும் போதாது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை முதலிற் பெறல் வேண்டும்.