அட்டைக்குப் பசி வந்தால்

மலையகத் தோட்டங்களில் மழைக்காலத் தொல்லையாக ஒட்டிக்கொள்ளும் அட்டையின் உறவினம் ஒன்றுதான், செரட்டோனின் என்ற மூளை இரசாயனம் என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானிகளுக்குத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று கிளம்பிவிட்டால், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் கொழுந்து மலைக்குப் புறப்படும் பெண்களுக்குக் காலையில் ஒரு வேலை கூடிவிடும். இடுப்பில் படங்கைக் கட்டுமுன் முழங்கால்வரை சவர்க்காரத்தைக் குழைத்துப் பூச வேண்டும். சிலருக்குச் சுண்ணாம்பு, சிலருக்குப் புகையிலைச் சாறு, சிலரிடம் மடியில் ஓர் உப்புப் பொட்டலம். எல்லாம் அட்டைக்காக.

ஈரம் சொட்டும் தேயிலை நிரைக்குள் கால் வைத்தால் போதும். கீழே கிடக்கும் சருகில் பின் உறிஞ்சியை ஊன்றி, நூல் நிமிர்ந்ததுபோல் எழுந்து நின்று, தலையை இப்படியும் அப்படியும் வீசித் துழாவும். ஆள் நடக்கும் அதிர்வு, மூச்சுக்காற்று, உடம்புச் சூடு எல்லாம் அதற்கு எட்டும். ஏறியது தெரியாது, கடித்ததும் தெரியாது. கணுக்காலில் இரத்தம் வழிந்து செருப்பு வழுக்கும்போதுதான் தெரியும்.

மலையில் பழகியவர்களுக்கு அட்டையைப்பற்றி இரண்டு விஷயங்கள் நன்றாகத் தெரியும். வயிறு முட்டக் குடித்த அட்டையை எடுத்து மறுபடி காலில் விட்டாலும் அது கடிக்காது. சுருண்டு கீழே விழும். குடித்துக்கொண்டிருக்கும் அட்டையோ, தொட்டாலும் தட்டினாலும் அசையாது. முதல் அட்டைக்கு ஆளே தேவையில்லை, இரண்டாவது அட்டைக்கு உலகமே தேவையில்லை. இந்த இரண்டுக்கும் காரணம் தேடிப் போன ஆய்வாளர்கள் வந்துசேர்ந்த இடம் ஒன்றே: செரட்டோனின்.

கண்டிச் சீமையின் பழைய கணக்கு

அட்டைக்கடி தேயிலையோடு வந்ததல்ல. 1660இல் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இந்த நில அட்டைகளை விவரித்திருக்கிறார். எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து, கோலில் கட்டி, நடக்க நடக்கக் காலில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் அப்போதே இருந்ததாம். எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய இலங்கை நூலில், கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அட்டைக் காலுறை தைத்து அணிந்ததைக் குறிப்பிடுகிறார். 1818 கண்டிக் கிளர்ச்சியை அடக்கப் போன படையில், சென்னைச் சிப்பாய்களும் கூலிகளும் அட்டைக்கடியால் பலர் மாண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பின் வந்தவர்கள் நம் முன்னோர். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையேறியவர்கள். அவர்கள் வருகையின் இருநூறாவது ஆண்டையொட்டி 2023இல் அதே தலைமன்னார்-மாத்தளைப் பாதையில் நினைவு நடைபயணம் நடந்தது. காய்ச்சல், பசி, காட்டு விலங்கு என்று அந்தப் பயணத் துயரை அடுக்கும் எவரும் அட்டையை விடுவதில்லை. மலையக நாட்டார் பாடல்களிலும் அட்டைக்கடிக்கு இடம் உண்டு.

இரத்தத்தில் கிடைத்த பொருள்

செரட்டோனின் என்றதும் மூளையும் மனநிலையும் நினைவுக்கு வரலாம். ஆனால் அது முதலில் கிடைத்தது குடலிலும் இரத்தத்திலும். 1930களில் இத்தாலியர் வித்தோரியோ எர்ஸ்பாமர் குடல் சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மொரிஸ் ரப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும், இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீரிலிருந்து இரத்தக் குழாயை இறுக்கும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது சில ஆண்டுகளில் உறுதியானது. இன்றும் கணக்குப் பார்த்தால் நம் உடம்புச் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குடலில்தான் இருக்கிறது. இரத்தத்தில் அதைச் சுமப்பவை இரத்தச் சிறுதட்டுகள். காயம் பட்டால் அவை அதை வெளிவிட்டு, குழாயைச் சுருக்கி, இரத்தத்தை நிறுத்த உதவுகின்றன. அட்டை கடிக்கும் இடத்திலும் நம் உடம்பு இதையே செய்யப் பார்க்கிறது. அட்டையின் எச்சிலில் உள்ள உறைவெதிர்ப்புப் பொருள் அதை முறியடித்துவிடுகிறது. அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வழிவது அதனால்தான்.

மூளைக்குள் செரட்டோனின் இருப்பதைக் கண்டுபிடித்தவர் பெட்டி டுவரொக் என்ற இளம் பெண் ஆய்வாளர். அவர் தொடங்கியது கடற்சிப்பியில். நீண்ட நேரம் இறுகிப் பிடித்திருக்கும் சிப்பியின் தசை ஒன்றைத் தளர்த்துவது எது என்று தேடி, அது செரட்டோனின் என்று கண்டார். சிப்பியின் நரம்புக்கு வேலை செய்யும் பொருள் பாலூட்டியின் மூளையில் ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வியோடு கிளீவ்லாந்துக்குப் போனார். 1953இல் அவரும் பேஜும் அதை நிறுவிக் காட்டினார்கள்.

மனநிலையோடு அதை இணைத்ததில் நம் நாட்டுப் பச்சிலை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்பின் என்ற மருந்து, மூளையின் செரட்டோனின் சேமிப்பைக் காலிசெய்கிறது என்று 1955இல் முயல்களில் தெரியவந்தது. அந்த மருந்து கொடுத்த விலங்குகள் சோர்ந்து ஒடுங்கின. அதன்பிறகு செரட்டோனினை மனத்தின் இரசாயனமாகப் பார்க்கும் பார்வை வேரூன்றியது.

இருபத்தொரு முடிச்சு நரம்பு

மனித மூளையில் பல்லாயிரம் கோடி நரம்புச் செல்கள். அதில் ஒரு செல்லின் வேலையைத் தனியே பிடிப்பது கடினம். அட்டையில் அது எளிது. அதன் உடம்பு நெடுக ஓடும் நரம்பில், தலைக்கும் வாலுக்கும் நடுவே, 21 முடிச்சுகள்; ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 400 செல்கள். ஒவ்வொரு முடிச்சிலும் மற்றவற்றைவிடப் பருத்த இரண்டு செல்கள் அருகருகே இருக்கும். சுவீடன் நாட்டவர் குஸ்டாவ் ரெட்சியஸ் 1891இல் விவரித்ததால் அவை ரெட்சியஸ் செல்கள். அவற்றுக்குள் நிறைந்திருப்பது செரட்டோனின்.

ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டது ஐரோப்பிய மருத்துவ அட்டை. குளத்து நீரில் வாழ்வது, நம் மலை அட்டையைவிடப் பெரியது. ஆனாலும் இரண்டும் தாடையால் தோலைக் கீறி இரத்தம் குடிக்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. உடல் அமைப்பின் வரைபடமும் ஒன்றே.

1980களில் சார்லஸ் லென்ட்டும் மைக்கேல் டிக்கின்சனும் செய்த பரிசோதனைகள் இந்தத் துறையில் பேர்பெற்றவை. பசித்த அட்டையின் உதட்டைச் சற்றுச் சூடாக்கினால், அதாவது பாலூட்டியின் தோல் பட்டதுபோல் செய்தால், செரட்டோனின் செல்கள் துடிக்கத் தொடங்கின. அட்டை கடித்தது, எச்சில் ஊறியது, தொண்டைத் தசை உறிஞ்சும் தாளத்தில் அசைந்தது. அடுத்து, செரட்டோனின் செல்களை மட்டும் அழிக்கும் ஒரு நச்சை ஏற்றினார்கள். அந்த அட்டை பசியிலும் கடிக்கவில்லை. அதையே செரட்டோனின் கலந்த நீரில் விட்டபோது மறுபடி கடித்தது. வயிறு நிறைந்து படுத்துக்கிடந்த அட்டையை அந்த நீரில் விட்டாலும் கடிக்கக் கிளம்பியது.

நிறுத்துவது எது? ஒரு வேளைக்குத் தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு குடித்துவிட்டு அட்டை தானாகக் கழன்று விழுகிறதே, அதற்கு இரத்தத்தின் சுவை சலித்துப்போகிறதா? குடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் உடம்பில் துளையிட்டு, குடித்ததை வெளியே வடியவிட்டுப் பார்த்தார்கள். அது நிறுத்தாமல் குடித்துக்கொண்டே இருந்தது. மறுபக்கம், குடிக்கும் அட்டையின் உடம்புக்குள் உப்புநீரை ஏற்றி உப்பவைத்தபோது உடனே விட்டுவிட்டது. ஆக, தோல் இழுபடுவதுதான் போதும் என்ற செய்தி. அந்த இழுவிசை செரட்டோனின் செல்களை அடக்குகிறது. வயிறு முட்டிய அட்டை மறுபடி கடிக்காமல் சுருண்டு விழுவதன் காரணம் இதுவே.

தட்டினாலும் அசையாதது ஏன்?

இரண்டாவது கேள்விக்கு விடை வர மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. அட்டைக்குத் தொடுகை தெரியும். மெல்லிய தொடுகைக்கும் அழுத்தத்துக்கும் வலிக்கும் தனித்தனிச் செல்கள் அதற்கு உண்டு என்று 1968இலேயே ஜோன் நிக்கல்ஸ், டெனிஸ் பெய்லர் இருவரும் காட்டியிருந்தார்கள். சும்மா இருக்கும் அட்டையைத் தொட்டால் சுருங்கும், நகரும். குடிக்கும்போது மட்டும் மரத்துப்போனதுபோல் இருக்கிறது.

கலிபோர்னியாவில் வில்லியம் கிறிஸ்டனின் ஆய்வுக்கூடத்தில் குவென்டின் கோட்ரி இதைத் துருவினார். 2009இல் வெளியான முடிவு வியப்பானது. குடிக்கும் அட்டையைத் தொட்டால் அழுத்தம் உணரும் செல் வழக்கம்போலவே துடிக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அடுத்த செல்லுக்குக் கைமாறும் முனையிலேயே அடைக்கப்படுகிறது. தனியே பிரித்தெடுத்த நரம்பில் செரட்டோனினை இட்டபோதும் இதே அடைப்பு ஏற்பட்டது. பல மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் விருந்து என்பதால், அதைக் கலைக்கும் எந்தச் செய்தியும் உள்ளே போகக்கூடாது.

கவனித்தால், இங்கே செரட்டோனின் எந்த ஒரு தசைக்கும் நேரடிக் கட்டளை இடவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆட்களைக் கூட்ட அடித்த தப்பைப்போல அது வேலை செய்கிறது. தப்பு கொழுந்து பறித்ததுமில்லை, கவ்வாத்து வெட்டியதுமில்லை. ஆனால் அந்த ஒலி எழும்பியதும் ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள், மற்ற வேலைகள் நின்றுவிட்டன.

இறால் நிமிரும், குரங்கு பேன் பார்க்கும்

அட்டையில் பசியின் இரசாயனம் என்றால் எல்லா உயிரிலும் அப்படியா? இல்லை. 1980இல் எட்வேர்ட் கிராவிட்ஸ் குழுவினர் சிங்கி இறாலுக்குச் செரட்டோனின் ஏற்றியபோது, அது கொடுக்கை விரித்து, சண்டைக்கு நிற்பதுபோல் நிமிர்ந்தது. 1996இல் நன்னீர் இறாலில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. தப்பியோடவைக்கும் ஒரு நரம்புச் செல்லைச் செரட்டோனின், ஆதிக்கம் செலுத்தும் இறாலில் தூண்டியது. அடங்கி வாழும் இறாலில் அதே செல்லை அடக்கியது. பொருள் ஒன்று, செல் ஒன்று. அந்தஸ்து மாறியதும் விளைவு தலைகீழ்.

ஒதுங்கித் திரியும் பாலைவன வெட்டுக்கிளி ஒன்றோடொன்று உரசும் நெருக்கத்தில் இரண்டே மணி நேரத்துக்குள் கூட்டம் சேர விரும்பும் பிராணியாகிறது. அப்போது அதன் நெஞ்சுப் பகுதி நரம்பில் செரட்டோனின் ஏறுகிறது என்று 2009இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். 1991இல் வெர்வெட் குரங்குகளில், தலைவனை விலக்கிவிட்டு, மிஞ்சிய ஆண்களில் ஒன்றுக்குச் செரட்டோனினைக் கூட்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவே தலைவனாயிற்று, ஆனால் சண்டை போட்டு அல்ல. பெண் குரங்குகளோடு நெருங்கியிருந்து, பேன் பார்த்து, அவற்றின் ஆதரவைப் பெற்று மேலே வந்தது. இறாலைச் சண்டைக்கு நிறுத்திய அதே பொருள் குரங்கைச் சமாதானத்துக்கு இழுத்திருக்கிறது.

மனிதருக்கு வரும்போது

இத்தனையும் தெரிந்த பிறகும் செரட்டோனினை ‘மகிழ்ச்சி ஹோர்மோன்’ என்று சொல்லும் பழக்கம் போகவில்லை. மனச்சோர்வு என்றாலே செரட்டோனின் குறைவு என்று டவுன் மருந்துக்கடைவரை பேச்சு வந்துவிட்டது. 1980களின் இறுதியில் செரட்டோனினை நரம்பிடை வெளியில் கூடுதல் நேரம் நிறுத்தும் மாத்திரைகள் சந்தைக்கு வந்ததும் இந்த விளக்கம் பரவியது. 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜொஆனா மொன்கிரீஃப் குழுவினர் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று எழுதினார்கள். அதன்மீது விவாதம் நடக்கிறது. அந்த மாத்திரைகளால் பலன் பெறுவோர் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தானாக நிறுத்துவது ஆபத்தும்கூட. ஆனால் ஒரு மனிதனின் துயரத்தை ஒரே பொருளின் அளவாகச் சுருக்கும் கதைக்கு விலங்கு ஆய்வுகளும் இடம் தரவில்லை.

இது மலையகத்துக்குப் பொருந்தும் செய்தி. நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, உரிய கிலோவை எட்டாத பயம், ஒழுகும் லயம், கடன், பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிய கவலை என்று எத்தனையோ சுமைகளோடு ஒருவர் மருந்தகத்துக்குப் போகிறார். அவருக்கு மாத்திரை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். எப்படியானாலும் அவர் எந்த நிலையில் வாழ்கிறார் என்று கேட்காமல் முடிவுக்கு வர இயலாது. இறாலுக்கே அந்தஸ்து மாறினால் செரட்டோனினின் விளைவு மாறுகிறது; மனிதருக்கு வாழ்நிலை ஒரு பொருட்டில்லை என்று எப்படிச் சொல்வது?

கடித்தால் என்ன செய்வது?

இந்த ஆய்வுகள் மலைக்குப் போகிறவருக்குச் சொல்லும் நடைமுறைப் பாடமும் ஒன்று உண்டு. குடிக்கும் அட்டையைத் தட்டிப் பயனில்லை. அதன் நரம்பு அந்தச் செய்தியை எடுத்துச் செல்லாது. பிடித்து இழுத்தால் கடிவாய் கிழிந்து புண்ணாகும். நெருப்பு வைத்தாலோ உப்பைக் கொட்டினாலோ அது விடும். ஆனால் விடும்போது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். மெலிந்த முனையில்தான் வாய் இருக்கும். அந்த இடத்தில் நகத்தை நுழைத்து, உறிஞ்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றுவதே நல்லது. பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்ட வேண்டும். சொறிந்து புண்ணாக்கினால்தான் சீழ் பிடிக்கும்.

நகத்தால் தள்ளும் இந்த வித்தை மூத்த பெண்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுப்பதுதான். அதைவிட நல்ல வழி கடிக்கவே விடாமல் இருப்பது. நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைத் துரைமார் அணிந்தார்கள் என்று டெனன்ட் எழுதி நூற்றறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது. அதைத் தைக்கச் செலவும் அதிகமில்லை. கொழுந்து பறிக்கும் கால்களில் இன்னமும் சவர்க்காரம்தான் காவல் என்றால், அந்தக் குறைக்கு அட்டையின் நரம்பில் காரணம் தேட வேண்டியதில்லை.