இடுப்பில் இருக்கும் பணம் பத்திரமா?
கிரிவலம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

கார்த்திகை தீபத் திருநாள். திருவண்ணாமலையில் மாலை 6 மணி ஆகப் போகிறது. கோயிலில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளிக் காட்சி தருகிறார். உடனே மலை உச்சியில் மகா தீபம் ஏற்றப்படுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் விண்ணைப் பிளக்கிறது. லட்சக்கணக்கான கைகள் தலைக்கு மேலே போகின்றன. எல்லாக் கண்களும் மலை மேலேதான்!

அந்த நேரத்தில் ஜனங்களின் இடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் ஒருவன் உண்டு. அவன் தீபம் பார்க்க வந்தவன் அல்ல!

வெளியூரில், நள்ளிரவில், குடும்பத்தோடு இருக்கும்போது பணம் பறிபோனால் என்ன ஆகும்? ஊருக்குத் திரும்ப பஸ் கட்டணம் இல்லை. குழந்தைக்குப் பால் வாங்க வழி இல்லை. செல்போனும் சேர்ந்து போனால் வீட்டுக்குத் தகவல் சொல்லவும் முடியாது. ஏனென்றால் இன்று யாருக்கும் யாருடைய நம்பரும் மனப்பாடம் இல்லை!

ஆகவே பணத்தை எங்கே வைப்பது, எந்தப் பையில் வைப்பது என்பது சின்ன விஷயம் அல்ல.

திருடனுக்கு வந்த பெயர்

முன்காலத்தில் பெண்கள் காசை முந்தானையில் முடிந்தார்கள். ஆண்கள் வேட்டி மடிப்பில் முடிந்து செருகினார்கள். முடிச்சை அவிழ்த்துத் திருடியவனுக்கு "முடிச்சவிழ்க்கி" என்று பெயர் வந்தது. பிறகு சட்டை வந்தது. சட்டையில் ஜேபு வந்தது. உடனே "ஜேப்படித் திருடன்" வந்துவிட்டான்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பணப் பையை இடுப்புக் கச்சையில் வெளியே தொங்கவிட்டார்கள். திருடன் கயிற்றை அறுத்துப் பையைக் கொண்டுபோனான். ஆகவே அங்கே அவனுக்குப் "பை அறுப்பவன்" என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது.

பணம் இடம் மாறினால் திருடனும் இடம் மாறுகிறான்!

ஜேபு இல்லாத உடை உடுத்துகிறவர்கள் என்ன செய்தார்கள்? ஜப்பானியரின் கிமோனோ உடையில் நம்முடையதைப் போன்ற ஜேபு கிடையாது. அவர்கள் சிறு பையைக் கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் இருக்க அதன் நுனியில் "நெட்சுகே" என்ற செதுக்கிய குமிழை மாட்டினார்கள். ஹஜ் யாத்திரை போகும் ஆண்கள் தையல் இல்லாத இரண்டு துணிகளையே உடுத்துகிறார்கள். அதிலும் ஜேபு இல்லை. ஆகவே பை வைத்த பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கம் மிகப் பழையது.

பணமே வேண்டாம் என்றவர்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி, வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தவன். கையில் மிச்சம் இருந்தது மூன்று ரூபாய் சொச்சம். அதை அப்படியே அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான். அவர்தான் பிற்காலத்தில் உலகம் போற்றிய ரமண மகரிஷி.

அவருக்குப் பணப் பை தேவைப்படவில்லை. ஆனால் பிள்ளை குட்டிகளோடு போகும் நாம் குளத்தில் எறிந்துவிட்டு வர முடியுமா? பணத்தைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

வெளியேயா, உள்ளேயா?

சந்தை வியாபாரிகளும் லாரிக்காரர்களும் வேட்டிக்கு மேலே நாலு விரல் அகலத்தில் பச்சை பெல்ட் கட்டுவார்கள். அதில் பை இருக்கும். இதில் இரண்டு சௌகரியம் உண்டு. பணம் உடனே கைக்கு வரும். 14 கிலோமீட்டர் நடந்தாலும் வேட்டி அவிழாது. ஆனால் ஒரு குறையும் உண்டு. பை இருப்பது ஊருக்கே தெரியும்.

இதற்கு வழி, வேட்டிக்கு வெளியே கட்டி, சட்டையால் மூடிக்கொள்வது. சட்டை நீளமாக இருக்க வேண்டும். சாதாரணமாக நிற்கும்போது மூடியிருந்தால் போதாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுப் பாருங்கள். சட்டை மேலே ஏறும். பை வெளியே எட்டிப் பார்க்கும்! அப்போதும் மூடியிருக்கும் சட்டையே சரியான சட்டை.

வேட்டிக்கு உள்ளே வைப்பது இன்னொரு வழி. பட்டாபட்டி டிராயரில் இருக்கும் பையைச் சொல்கிறோம். திருடன் கை அங்கே எளிதில் எட்டாது. ஆனால் உங்கள் கையும் எளிதில் எட்டாது! டீக்கடை வாசலில் வேட்டியைத் தூக்கிப் பணம் எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். ஆகவே ஊர் திரும்பும்வரை தொட வேண்டாத பணத்துக்கே அந்த இடம்.

பெண்களுக்குச் சுருக்குப் பை அருமையானது. ஆனால் அதை வெளியே தொங்கவிடக் கூடாது. இடுப்பில் நன்றாகச் செருகி, அதன் கயிற்றைப் பாவாடை நாடாவோடு சேர்த்து முடிந்துவிட வேண்டும். தோளில் தொங்கும் கைப்பையில் பெரும் பணம் வேண்டவே வேண்டாம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பையைவிடப் பெல்ட் முக்கியம். துவளும் பெல்ட்டில் நல்ல பையும் சாய்ந்து தொங்கும். பெல்ட் விறைப்பாக, மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும்.

பையின் வாய்க்கு ஜிப் மட்டும் போதாது. அதன் மேல் மடிந்து மூடும் துணியும், அழுத்திப் பூட்டும் பொத்தானும் வேண்டும். பையை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தையல் பிளந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோல் பை உறுதியானது. ஆனால் வியர்வையை உறிஞ்சும். மட்டமான தோலாக இருந்தால் வெள்ளை வேட்டியில் சாயம் ஏறும். ரெக்சின் உஷ்ணம், நாளடைவில் உரியும். நைலான் லேசு, ஆனால் ஓரம் இடுப்பை அறுக்கும். தடித்த கான்வாஸ் துணியே நமது வெயிலுக்கு ஏற்றது. நோட்டுகளை நனையாத உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள்.

பெரிய பை வாங்காதீர்கள். பெரிய பையில் எல்லாவற்றையும் திணிப்போம். அது புடைத்துக்கொண்டு நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

போலீஸ் உறை தரும் பாடம்

போலீஸ் அதிகாரிகள் ரிவால்வரைத் தோல் உறையில் இடுப்புக்கு வெளியே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அது கெட்டியான பெல்ட்டில் கோத்திருக்கும். மேலே மூடி இருக்கும். துப்பாக்கியிலிருந்து ஒரு கயிறும் உடையோடு இணைந்திருக்கும். பறித்தாலும் போகாது; விழுந்தாலும் தொலையாது.

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் அதை உறையில் இட்டு, முழுவதும் மூடி, தங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

உறை, மூடி, கட்டுப்பாடு! இந்த மூன்றும் பணப் பைக்கும் பொருந்தும்.

வீட்டிலேயே ஒத்திகை

பையை வாங்கியதும் அப்படியே கட்டிக்கொண்டு புறப்படாதீர்கள். பணம், செல்போன் எல்லாவற்றையும் வைத்துக் கட்டி, வீட்டில் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். குனிந்து குழந்தையைத் தூக்குங்கள். சாஷ்டாங்க நமஸ்காரம் செய்யுங்கள். பை நடு வயிற்றில் இருந்தால் குத்தும். முதுகுப் பக்கம் இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். தொப்புளுக்குச் சற்று வலப்புறமாக இருந்தால் பார்வையிலும் இருக்கும், கைக்கும் எட்டும். இடக்கைக்காரர்கள் இடப்புறம் வைக்கலாம்.

கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் குறுகிய வழியில் உடம்பை ஒடுக்கி ஊர்ந்து வர வேண்டும். இடுப்பில் புடைத்த பை கல்லில் மாட்டிக்கொள்ளும். உள்ளே போகும் முன் பெல்ட்டைக் கழற்றி, வெளியே நிற்கும் நம்மவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கையே காட்டிக்கொடுக்கும்!

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். பத்து அடிக்கு ஒரு தரம் இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார்கள்! "திருடர்கள் ஜாக்கிரதை" என்ற பலகையைப் படித்ததும் கை தானாகப் பைக்குப் போகிறது. திருடன் பையைத் தேட வேண்டியதே இல்லை. உங்கள் கையைப் பார்த்தால் போதும்.

இதற்கு மருந்து, பணத்தைப் பிரித்து வைப்பது. சாதுக்களுக்குக் கொடுக்கவும் டீ குடிக்கவும் சில்லறை சட்டைப் பையில் இருக்கட்டும். அன்றைய செலவுக்கு வேண்டியது பெல்ட்டில். ஊர் திரும்பும் பணம் உள்ளே. அதில் பாதி மனைவியிடம். பெரிய நோட்டு எடுக்க வேண்டுமானால் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி எடுங்கள்.

வீட்டு நம்பரைக் காகிதத்தில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையிலும் வையுங்கள். பணம் தொலைந்தாலும் குழந்தை தொலையக் கூடாது.

பறிபோனால்?

வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே அருகில் இருக்கும் போலீசாரிடம் சொல்லுங்கள். 100 அல்லது 112-க்குப் போன் செய்யலாம். பாங்கிக்குத் தெரிவித்துக் கார்டையும் போன் மூலம் பணம் போகும் வழியையும் நிறுத்துங்கள். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் 1930-ல் புகார் கொடுங்கள். போலீசில் புகார் செய்த பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் மூலம் திருட்டுப் போன செல்போனை முடக்கலாம். அதற்குப் போனின் 15 இலக்க எண் தேவை. அதை இன்றே வீட்டில் குறித்து வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, கும்பலாகச் சேர்ந்து ஜேப்படி செய்கிறவர்களுக்கு 1 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

மனம் முழுவதும் இடுப்பில் இருந்தால் மலையைச் சுற்றி என்ன பயன்? நல்ல பையாகப் பார்த்து வாங்கி, இறுக்கிக் கட்டி, மூடிவிடுங்கள். பிறகு அதை மறந்துவிடலாம். இரண்டு கையையும் தூக்கி நிம்மதியாகக் கும்பிடலாம்!