வெள்ளைப் பூவில் ஒளிந்திருக்கும் வினை

ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணமாக இருப்பதில்லை. செடிகளிலும் அப்படித்தான். செவ்வந்தி, சூரியகாந்தி, கூந்தலுக்கு எண்ணெய் காய்ச்சும் கரிசலாங்கண்ணி, மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாக உண்ணும் உலாம் ராஜா ஆகிய யாவும் ஒரே குடும்பம். அந்த நல்ல குடும்பத்தில் பிறந்த பொல்லாத பிள்ளை ஒன்று உண்டு. அதன் பெயர் பார்த்தீனியம்.

மலாயில் இதை 'ரும்பாய் மியாங் மெக்சிகோ' என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த அரிப்புக் களை என்று பொருள். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய நாடுகளே இதன் பிறப்பிடம். 1950-களின் நடுவில் இந்தியாவின் பூனா நகரத்தில் தென்பட்டது. பின்பு தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் பரவிவிட்டது. நமது நாட்டில் 2013-ஆம் ஆண்டு சிலாங்கூர், பத்தாங் காலிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு கெடா முதலிய மாநிலங்களிலும் தலைகாட்டியது.

அடையாளம் என்ன?

இளஞ்செடியாக இருக்கும்போது இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். கேரட் இலையைப் போல ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். தூரத்தில் பார்ப்பவர்கள் உலாம் ராஜா என்று ஏமாறக்கூடும். பிறகு தண்டு நிமிர்ந்து, கிளைவிட்டு, இடுப்பளவு அல்லது அதற்கு மேலும் வளரும். தண்டில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். மேலே மெல்லிய ரோமம் இருக்கும். நுனியெல்லாம் அரிசிக் குருணையை அள்ளித் தெளித்தாற்போல் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். உலாம் ராஜாவின் பூவோ பெரியது, இளஞ்சிவப்பு நிறமுடையது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இதன் ஆயுள் சில மாதங்கள்தான். ஆனால் முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் பூக்கத் தொடங்கிவிடும். நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். அந்த விதைகள் மண்ணுக்குள் சில ஆண்டுகள்கூட உயிரோடு காத்துக் கிடக்கும். ஓடும் தண்ணீர், லாரிச் சக்கரத்தில் ஒட்டிய சேறு, மாட்டுக்கு அறுத்துக் கட்டிய புல் என எல்லாமே அதற்கு வாகனம்.

உடம்புக்கு வரும் கேடு

செடியில் பார்த்தெனின் என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. முதல் நாள் தொட்டவுடன் எல்லாருக்கும் ஒன்றும் செய்துவிடாது. அதனால்தான் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்பப் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருடைய உடம்பு அதை ஏற்க மறுக்கும். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து தடித்து, ஓயாமல் அரிக்கும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் சளியும் வரும், ஆஸ்துமாவும் வரலாம். இத்தகைய தொல்லை உள்ளவர்கள் கண்ட தைலத்தையும் பூசிக்கொண்டிராமல், செடியைத் தொட்ட விவரத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

இரண்டு மாடு, நான்கு ஆடு வைத்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மாடு இச்செடியைத் தானாக விரும்பித் தின்னாது. பசி மிகுந்தாலோ, அறுத்த புல்லோடு கலந்துவிட்டாலோ தின்றுவிடும். அப்போது பால் கசக்கும். வாயில் புண் வரும், வயிறு கெடும், அதிகமாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சாலையோரத்தில் புல் அறுப்பவர்கள் கட்டு கட்டுவதற்கு முன் ஒரு முறை உதறிப் பார்ப்பது நல்லது. தெரியாமல் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு கட்டு, லயத்தின் கொல்லையையே கெடுத்துவிடும்.

என்ன செய்யலாம்?

பூப்பதற்கு முன் அழிப்பதே புத்திசாலித்தனம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பாராங் கத்தியால் வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கையுறை, நீளக்கைச் சட்டை, மூக்கை மூடும் துணி மூன்றும் அவசியம். வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அரிப்பு உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

பூத்துவிட்ட செடியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் விதை விழும். இருந்த இடத்திலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டுங்கள். திடலிலோ ஆற்றோரத்திலோ கூட்டமாக வளர்ந்திருந்தால் விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் துலுக்கச் செவ்வந்தி விதையைத் தூவலாம். அது அடர்ந்து வளர்ந்து, பார்த்தீனியம் மீண்டும் தலையெடுக்க விடாது. இந்தியாவில் கடைப்பிடிக்கப்படும் வழி இது.

ஒரு வீட்டார் பிடுங்கி, அடுத்த வீட்டார் விட்டுவைத்தால் பயனில்லை. அடுத்த மழைக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, லயத்து மக்கள் எல்லாரும் சேர்ந்து கொல்லைப்புறத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சின்ன வெள்ளைப் பூ கண்ணில் பட்டால், அன்றே ஒரு வழி செய்துவிடுங்கள்.