பொன் ஆணியும் இரும்பு ஆணியும்

அமெரிக்க தேசத்தின் இருப்புப்பாதைச் சரித்திரத்திலே ஒரு பொன் ஆணி பெரும் பெயர் பெற்று விளங்குகின்றது. 1869-ஆம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி, யூட்டா பிரதேசத்திலுள்ள பிராமண்டரி மேட்டில், கிழக்கினின்று வந்த யூனியன் பசிபிக் பாதையும், மேற்கினின்று வந்த சென்ட்ரல் பசிபிக் பாதையும் ஒன்று கூடின. சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர் லேலண்ட் ஸ்டான்போர்டு வெள்ளிச் சம்மட்டி ஏந்தி நின்றார். 'முடிந்தது' என்ற ஒரே சொல்லைத் தந்தி தேசமெங்கும் பரப்பிற்று.

அவ்வாணியின் பக்கங்களிலே கம்பெனி அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆனால் பொன் மெல்லிய உலோகம். பலத்த அடியைத் தாங்காது. ஆதலின் கட்டையில் முன்னரே துளையிட்டு, அதிலே ஆணியை மெல்லப் பொருத்தினர். வைபவம் முடிந்ததும் ஆணியை எடுத்துவிட்டனர். அலங்காரக் கட்டையையும் அகற்றினர். பின்னர் வண்டிகளின் பாரத்தைத் தாங்கியவை சாதாரணக் கட்டையும் இரும்பு ஆணிகளுமே!

அவ்விரும்பு ஆணிகளை அடித்தவர் யாவர்? சென்ட்ரல் பசிபிக் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பங்கினர் சீனர். சியெரா நெவாடா மலையின் கருங்கற்பாறையைக் குடைந்து, பனிச்சரிவுகளிலும் வெடிவிபத்துகளிலும் உயிர் நீத்தவர் அவர்கள். 1867-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், மாதம் 40 டாலர் கூலியும் குறைந்த வேலை நேரமும் கோரி ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனியார் வாதாடவில்லை, உணவு வருவதை நிறுத்தினர். ஒரு வாரத்தில் பசி வென்றது.

பிராமண்டரியில் எடுத்த புகழ்பெற்ற படத்திலே தெளிவாய்த் தெரியும் சீனர் முகம் ஒன்றேனும் இல்லை. 1882-இல் சீனத் தொழிலாளர் அந்நாட்டினுள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1943-இல்தான் அது நீங்கிற்று. 1969-இல் நடந்த நூற்றாண்டு விழாவிலும், அமெரிக்கரையன்றி இச்செயலை வேறு எவர் செய்திருக்கக் கூடும் என்று போக்குவரத்து மந்திரி வினவினாரேயன்றிச் சீனரை நினைத்தாரில்லை. 2014-இலேயே அமெரிக்கத் தொழில் இலாகா அவர்களைத் தனது கௌரவ மண்டபத்தில் சேர்த்தது. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து வந்த நன்றி!

பொன் ஆணி இன்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலே துருவேறாமல் இருக்கின்றது. ஒரு புகைவண்டியேனும் அதன்மீது சென்றதில்லை. எந்நாட்டிலாயினும் திறப்பு விழாவின் பொன்னைக் காணும்பொழுது, இரும்பு ஆணி அடித்த கை யாருடையது என்று கேட்பது அறிவுடையோர் கடமையன்றோ?