டிராக்கர் இருக்கு, சிக்னல் இல்லை!

350 கிலோவுக்கு மேல் கனக்கும் டூரிங் பைக்கை யாரால் தூக்கிக்கொண்டு போக முடியும்? அமெரிக்காவில் தூக்குகிறார்கள். ஹேண்டில் லாக்கை உடைக்கக்கூட மெனக்கெடுவதில்லை. நான்கு பேர், சக்கரங்களுக்குள் செருக இரண்டு இரும்புக் குழாய்கள், பின்கதவு திறந்த ஒரு வேன். மோட்டல் வாசலில் நிறுத்திய வண்டி சில நிமிடங்களில் காணாமல் போய்விடும்.

இந்தப் பயம்தான் டிராக்கரை விற்றது. யாராவது வண்டியை அசைத்தால் போன் அலறும். நகர்த்தினால் மேப்பில் புள்ளி ஓடும். சந்தா தனி.

2022 பிப்ரவரியில் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவின் பெரிய நெட்வொர்க்குகள் 3ஜி-யை மூடின. 3ஜி மோடத்தை நம்பியிருந்த டிராக்கர்கள் ஊமையாகின. சாட்டிலைட்டிலிருந்து ஜிபிஎஸ் சிக்னல் இப்போதும் வருகிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பது வண்டிக்குத் தெரியும். அதை உரிமையாளரின் போனுக்குச் சொல்லத்தான் வழியில்லை. நெட்வொர்க் இருந்தாலும், கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால் இதே கதிதான்.

பழைய அலைவரிசை 4ஜி, 5ஜி-க்குப் போவதால் எல்லோருக்கும் நன்மை என்கிறது டெலிகாம் துறை. இருக்கட்டும். 20 வருஷம் ஓடக்கூடிய வண்டிக்குள் அதில் பாதிக் காலம்கூடத் தாங்குமா என்று தெரியாத பெட்டியைப் பொருத்தியவர்கள், அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

செகண்ட் ஹேண்டில் வாங்குபவரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. விளம்பரத்தில் 'டிராக்கர் உண்டு' என்றிருக்கும். பெட்டியும் இருக்கும். அதை நம்பி ராத்திரி வண்டியைத் தெருவில் விட்டுவிட்டுத் தூங்குவார். டிராக்கரே இல்லையென்றால் கனமான சங்கிலியாவது வாங்கிப் பூட்டியிருப்பார். சீட்டுக்கடியில் சின்ன புளூடூத் டிராக்கரை ஒளித்துவைப்பவர்களும் உண்டு. பக்கத்தில் யாருடைய போனாவது கடந்து போனால்தான் அது இருப்பிடத்தைச் சொல்லும்; ஆளில்லாத நெடுஞ்சாலையில் பயன்படாது.

நம் ஊர் ஷோரூம்களிலும் இப்போது 'கனெக்டட்' பைக்தான் பேச்சு. வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பதோடு நிற்காதீர்கள். இந்தச் சேவை எத்தனை வருஷம், எந்த நெட்வொர்க்கில், அது நின்றுபோனால் மோடத்தை மாற்றித் தருவது யார் செலவு? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.