ஹாஸ்யக்காரர் ஏந்திய வில்

சிரிக்க வைப்பவனுக்கும் சங்கீதத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் பழைய பாட்டு ஒன்று நலிந்து நின்ற வேளையில் அதைக் கைதூக்கி விட்டவர் சில சமயம் ஹாஸ்யக்காரராகவே இருந்திருக்கிறார்.

அமெரிக்காவிலே 1978-ஆம் ஆண்டில் டான் அய்க்ராய்ட், ஜான் பெலூஷி என்னும் இரு ஹாஸ்ய நடிகர்கள், கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, 'ப்ளூஸ் பிரதர்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் பாட வந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கறுப்பின மக்களின் துயரத்திலே பிறந்த 'ப்ளூஸ்' இசையும், மாதா கோயில் பாட்டின் உருக்கம் கொண்ட 'ஸோல்' இசையும். கூடவே வாசித்த ஸ்டீவ் க்ராப்பர், டொனால்ட் டன் முதலியோர் அந்த இசையில் பழுத்த வித்வான்கள். 1980-ல் வெளிவந்த அவர்களுடைய சினிமாவில் ரே சார்லஸ், அரீதா ஃப்ராங்க்லின் போன்ற மேதைகளே தோன்றிப் பாடினார்கள். வேஷந்தான் வேடிக்கை, பாட்டு வேடிக்கையன்று.

இதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே நம் நாட்டில் இத்தகைய காரியத்தைச் செய்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கோவை பட்சிராஜா கம்பெனியின் 'ஆரியமாலா' (1941), 'சிவகவி' (1943) படங்களில் டி.ஏ.மதுரத்துடன் தோன்றிச் சிரிக்க வைத்தவர் அவர். தாம் பிறந்த நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை விழாக்களில் ஒலித்த வில்லுப்பாட்டை அவர் பட்டணத்து மேடையில் ஏற்றினார். சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரை 1948-ல் சென்னைக்கு அழைத்து, மகாத்மாவின் சரித்திரத்தை வில்லுப்பாட்டாக எழுதச் செய்தார். அந்த இளைஞரே பின்னர் அக்கலையின் தலைவராக விளங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ல் மறைந்தார்.

கதாகாலட்சேபத்தையும் கலைவாணர் விடவில்லை. நந்தனார் சரித்திரத்தை அடியொற்றி எழுந்த 'கிந்தனார்', 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. நந்தனார் ஏங்கியது தில்லைத் தரிசனத்திற்கு. கிந்தன் ஏங்கியதோ பட்டணத்துப் படிப்பிற்கு. சிரித்துக்கொண்டே கேட்டவர்கள், தீண்டாமையின் கொடுமையை உணர்ந்து எழுந்தார்கள். அதை இயற்றியவர் நம் கொங்கு மண்ணின் உடுமலை நாராயண கவி என்பது நமக்குப் பெருமை.

பெருமை பேசினால் மட்டும் போதுமா? அண்ணன்மார் கதையை இரவு இரவாக உடுக்கை அடித்துப் பாடும் வழக்கம் கொங்கு நாட்டின் சொத்து. என் வகுப்பில் அதை நேரில் கேட்டவர் யார் என்று ஒருநாள் வினவினேன். எழுந்தவன் ஒருவனே, அவனும் என்னைப் போலவே பேசிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைக்கும் குறும்புக்காரன். "எங்கே, சொல் பார்க்கலாம்" என்றேன். மேஜையை உடுக்கையாக்கி, பாட்டனாரிடம் கேட்டதை அவன் பாடிக் காட்டினான். முதலில் எழுந்த சிரிப்பு மெல்ல அடங்கிற்று. பொன்னரும் சங்கரும் மாண்ட கட்டம் வந்தபோது வகுப்பில் மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை.

திருவிழாவிலே மின்விளக்குக்கும் சினிமாப் பாட்டுக்கும் தாராளமாகச் செலவிடுகிறோம். அதில் ஒரு பங்கை உடுக்கைக்காரருக்கும் ஒதுக்குவோமாக. வீட்டிலே குறும்பு செய்யும் பிள்ளையை அதட்டாமல் அவர் அருகே உட்கார வைப்போமாக. நாளைய கலைவாணர் அவனாகவே இருக்கலாம் அல்லவா?